லீவு கேட்காத ஊர்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் மேலே தூக்கி விடுங்க சார், புண்ணியமாய்ப் போகும். பக்கத்தில் டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார்கள் பாருங்க, கடுகெண்ணெய் வாடை. ரெண்டு வருஷமாக இதே வாடையில்தானே கிடக்கிறாய், இன்னுமா பழகவில்லை என்று கேட்பீங்க. பழகவில்லை. பழகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன் என்று வெச்சுக்குங்களேன்.

என்ன கேட்டீங்க? ஆமாம், திருப்பூர் பனியன் கம்பெனிக்காரன் ஜார்க்கண்டில் எதற்கு ஷெட் பார்க்கப் போகிறான், அதுதானே? நியாயமான கேள்வி. நூல் நம்ம பக்கம். சாயப்பட்டறை நம்ம பக்கம். பட்டன் வேணுமா, லேபிள் வேணுமா, அட்டைப்பெட்டி வேணுமா, ஸ்கூட்டரை எடுத்தால் அரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுத் துணியைச் சுருட்டி லாரியில் ஏற்றி ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த் தைக்கிறோம் என்றால் பைத்தியக்காரத்தனம் மாதிரித்தான் இருக்கும். படித்தவர்களைக் கேட்டால் மானியம் என்பார்கள், கரண்ட் என்பார்கள், துறைமுகம் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தையல் ஹாலில் நின்றே கால் நரம்பு சுருட்டிக்கொண்டவன் நான் சொல்கிறேன், கேளுங்க. லீவு. வேறொன்றும் இல்லை. லீவு கேட்காத ஊரைத் தேடித்தான் நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

என் பெயர் நாச்சிமுத்து. ஃப்ளோர் இன்சார்ஜ். தையல் ஹாலில் எந்த மெஷின் நின்றாலும் எம்.டி. கேட்கிற முதல் ஆள் நான்தான்.

முதலில் எங்கள் கம்பெனியில் எல்லாம் உள்ளூர்ப் பெண்கள். அவினாசி, பெருமாநல்லூர், அந்தப் பக்கம். கை என்றால் அப்படி ஒரு கை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த லீவு இருக்கிறதே! மாரியம்மன் நோம்பிக்கு நாலு நாள். கிடா வெட்டுக்கு ஒரு நாள், மறுநாள் கறி மிச்சம் இருக்கிறது என்று இன்னொரு நாள். பெரியம்மாவின் சம்பந்தி செத்துப்போனார் என்று ஒருத்தி. பிள்ளை பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று ஒருத்தி. சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருந்து தைத்துக் கொடு என்றால், "மாடு கத்தும்ணா" என்பாள். மாடு! ஜெர்மனியில் ஒருத்தன் டி-சர்ட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான், இவளுக்கு மாடு கத்துகிறது. எனக்கு அந்த முகங்களைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ஒடிசாப் பிள்ளைகள் வந்தார்கள். ஹாஸ்டல் கட்டினோம். மூன்று மாடி, கம்பி போட்ட ஜன்னல், வாசலில் வார்டன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் வேனில் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவோம். வேறென்ன வேண்டும்? ஆறு வருஷம் சார். நோம்பி இல்லை, கிடா இல்லை, சம்பந்தி சாகவில்லை, மாடு கத்தவில்லை. சுகாந்தி என்று ஒரு பெண். வரும்போது தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ரெண்டே வருஷத்தில் நம்ம ஊர்ப் பேச்சை அப்படியே பேசினாள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் மழை பெய்கிற மாதிரிச் சத்தம் கேட்கும், நிற்கவே நிற்காது. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. எம்.டி.யிடம் நானே சொல்லியிருக்கிறேன், "சார், அந்த ஊர் மண்ணே வேற சார். வேலைக்குன்னே பொறந்த சனம்" என்று.

அந்த வார்த்தைதான் அவர் மனதில் விழுந்துவிட்டது. "ஆள் இங்க வர்றதுக்குப் பதிலா மெஷின் அங்க போகட்டுமே" என்றார். அந்த ஊர் சர்க்காரும் வாங்க வாங்க என்று வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தது. கட்டாக்கிலிருந்து ஒன்றரை மணி நேரம், வயலுக்கு நடுவில் தகர ஷெட், இருநூற்று எண்பது மெஷின். சுகாந்தியையும் அவளோடு ஒரு இருபது பேரையும் அவரவர் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய் லைன் லீடர் ஆக்கினோம். எத்தனை பெரிய மனசு பாருங்க எங்கள் எம்.டி.க்கு!

நான் போய் இறங்கியது ஐப்பசியில். இறங்கின அன்றைக்கே தெரிந்துவிட்டது, இது மனுஷன் இருக்கிற இடம் இல்லை என்று. கடுகெண்ணெயில் மீன். கடுகெண்ணெயில் கத்தரிக்காய். தலைக்கும் அதே எண்ணெய். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் ஒவ்வொருத்தியும் தூக்கைத் திறப்பாள். உள்ளே சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தது, மேலே ஒரு வெங்காயம், ஒரு மிளகாய். அந்தப் புளித்த வாடை ஹால் முழுக்க. த்தூ! நாங்களும் சின்ன வயதில் பழைய சோறு தின்றிருக்கிறோம், வெங்காயம் கடித்திருக்கிறோம், அது வேறு. அது உடம்புக்குக் குளிர்ச்சி. இது என்னவோ கண்றாவி.

சரி, மார்கழி முடிந்தது. பொங்கல் வந்தது. லீவு லிஸ்ட் எங்களுக்குத் திருப்பூர் ஹெட் ஆபீசில் அச்சடித்து வரும். அதே லிஸ்டை அங்கேயும் ஒட்டினோம். பொங்கலுக்கு நாலு நாள், ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள், தமிழ் வருஷப் பிறப்புக்கு ஒரு நாள். ஆபீசில் நம்ம ஊர் தினசரிக் காலண்டர்தான் மாட்டியிருந்தேன். வேறு காலண்டர் நான் பார்ப்பதில்லை.

சுகாந்தி வந்து நின்றாள். "அண்ணா, பொங்கலுக்கு நாலு நாள் எங்களுக்கு வேண்டாம். வேலைக்கு வர்றோம். அதுக்குப் பதிலா ஆனி மாசம் ரஜோவுக்கு மூணு நாள் குடுத்துருங்க. ஒரு நாள் கம்பெனிக்கு லாபம்."

"ரஜோவா? லிஸ்ட்டுல இருக்குதா?"

"இல்லண்ணா. அதான் கேக்கறேன்."

"லிஸ்ட்டுல இல்லாததுக்கு நான் லீவு குடுக்க முடியுமா? பேசாமப் போயி பொங்கல் கொண்டாடு."

நாலு நாள் லீவு விட்டோம். சர்க்கரைப் பொங்கல் நானே நின்று கிண்டிக் கொடுத்தேன். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்கள் சார், ஏதோ மருந்தை முகர்கிற மாதிரி. லீவு முடிந்து வந்ததும் சுகாந்தியிடம், "என்னம்மா, பொங்கல் எப்படி?" என்று கேட்டேன். "என்ன பண்றதுன்னு தெரியலண்ணா, தூங்கினோம்" என்கிறாள். நன்றி கெட்ட சனம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் குழந்தை இல்லை. நான், என் சம்சாரம், அவ்வளவுதான். அக்கா சாந்தாமணிக்கு ஒரே பெண், யாழினி. என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அந்தப் பிள்ளை சித்திரையில் வயசுக்கு வந்தது. அக்கா போன் பண்ணி அழுகிறாள், சிரிக்கிறாள், ரெண்டும் சேர்த்து. நம்ம பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? தெரட்டிச் சீர் என்றால் தாய்மாமன்தான். அப்பன் இல்லாவிட்டால்கூட நடக்கும், தாய்மாமன் இல்லாமல் நடக்காது. சேலை நான் கொடுக்க வேண்டும், மாலை நான் போட வேண்டும், தட்டு வரிசைக்கு முன்னால் நான் நடக்க வேண்டும். இந்த ஜென்மத்தில் நான் ஒரு சபையில் முன்னால் நிற்கப்போவது அந்த ஒரு தடவைதான். எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

வைகாசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. "இல்லக்கா, ஒரு பெரிய ஆர்டர் ஓடிட்டு இருக்குது. ஆனி ரெண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை வெச்சுக்க. அதுக்குள்ள முடிச்சுட்டு வந்தர்றேன்" என்றேன். எனக்காக ஒரு மாதம் தள்ளி வைத்தாள். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று. அந்தப் பிள்ளை படத்தைப் போட்டுப் பேனரும் அச்சடித்தாயிற்று, அதில் என் படமும் ஓரத்தில் கும்பிட்டபடி. கட்டாக்கில் வெள்ளிக் கம்பியை மயிர் மாதிரி இழைத்து நகை செய்கிறார்கள் சார், அந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். சடைக்கு வைக்கிற பில்லை ஒன்று வாங்கினேன். மயில் தோகை மாதிரி. ரயில் டிக்கெட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வண்டி. ஞாயிறு விடியற்காலம் திருப்பூர்.

அந்த வாரம் புதன்கிழமை சுகாந்தி மறுபடி வந்து நின்றாள். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னாள். "அண்ணா, வெள்ளி, சனி, ஞாயிறு வரமாட்டோம். ரஜோ."

"வரமாட்டோமா? ஒம்பதாயிரம் பீஸ் பாக்கி கெடக்குது! வராதவங்களுக்கு வேலை கெடையாது, சொல்லிப்போட்டேன்!"

"சரிங்கண்ணா" என்றாள். சரிங்கண்ணா! கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

நோட்டீஸ் ஒட்டினேன். கிளார்க்கை விட்டு அவர்கள் எழுத்திலும் எழுதி ஒட்டினேன். நானும் பயப்படவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும் இவர்களை. ஆறு வருஷம் பார்த்தவன். சும்மா முறுக்குவார்கள், காலையில் வரிசையாக வந்து நிற்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. இருநூற்று எண்பது மெஷின், ஒவ்வொன்றின் மேலும் துணி மூடி, பிணத்துக்கு மூடின மாதிரி. நான், கட்டிங் மாஸ்டர், மெக்கானிக், செக்கிங் சூப்பர்வைசர், பஸ் டிரைவர். ஐந்தே பேர், ஐந்து பேரும் தமிழ் ஆட்கள்.

எம்.டி.க்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். "என்னுங்க நாச்சிமுத்து, நீங்களும் வந்துட்டா அங்க யாருங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வரக்கூடாது என்று சொல்லவில்லை. பெரிய மனுஷர், அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்.

ஒரே வழிதான். போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. பத்து மணிக்குள் வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் நாளைக்கும் தைத்து முடித்துவிடுவார்கள், கட்டிங் மாஸ்டர் பார்த்துக்கொள்வார், நான் ஐந்து மணி வண்டியைப் பிடித்துவிடுவேன். கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொண்டு சுகாந்தியின் ஊருக்குப் போனேன்.

ஊருக்குள் போனால், சார், எனக்குக் கண் கூசிப்போயிற்று. எந்த மாமரத்தைப் பார்த்தாலும் ஊஞ்சல். பூச்சுற்றிய ஊஞ்சல். என் லைனில் தலை குனிந்து தைக்கிற பிள்ளைகள் எல்லாம் புதுச்சேலை கட்டிக்கொண்டு, பாதத்தைச் சுற்றிச் சிவப்புச் சாயம் தீட்டிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். ஒருத்தி வெற்றிலைச் சாற்றைப் பக்கத்தில் துப்புகிறாள். சுகாந்தி வீட்டு அடுப்படியில் பார்த்தால் அவள் அப்பன் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்கிறான். ஆம்பளை! கரண்டியும் கையுமாக! அதிலே வெட்கம் வேறு இல்லை, என்னைப் பார்த்துக் கரண்டியை ஆட்டிக் கும்பிடுகிறான்.

"அண்ணா! வாங்கண்ணா!" என்று ஊஞ்சலில் இருந்தபடியே கூப்பிட்டாள் சுகாந்தி. "ஊஞ்சல் ஆடறீங்களா?"

"ஆடறதுக்கா வந்திருக்கேன்? பஸ் நிக்குது. எல்லாரையும் ஏறச் சொல்லு. இன்னைக்கும் நாளைக்கும் தெச்சுக் குடுத்துட்டு அப்புறம் எவ்வளவு வேணாலும் ஆடிக்கங்க."

"இன்னைக்கு வேலை தொடக் கூடாதுங்கண்ணா. மூணு நாள் பூமித்தாய்க்கு ஓய்வு."

"பூமித்தாய்க்கு என்ன ஓய்வு?"

"பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்ற மாதிரி பூமிக்கும் வரும்ல அண்ணா. அந்த மூணு நாள் ஏர் பூட்ட மாட்டாங்க, மண்ணுல கடப்பாரை போட மாட்டாங்க. பொம்பளைங்க அம்மி தொட மாட்டோம், அரிவாள்மணை தொட மாட்டோம். அப்புறம் மழை வரும், விதைப்பாங்க."

சீ! நீங்களே சொல்லுங்க சார், கேட்கவே காது கூசுகிறதா இல்லையா? பூமிக்கு வந்துவிட்டதாம்! சரி, வந்ததுதான் வந்தது, அதை மூடி மறைக்காமல் இப்படிப் புதுச்சேலை கட்டி, பாட்டுப் பாடி, பலகாரம் சுட்டு, ஊரே கூடிக் கொண்டாடுவதா? அசிங்கமாக இல்லையா? நம்ம பக்கம் இதையெல்லாம் ஒரு ஆம்பளை முன்னால் வாய்விட்டுச் சொல்வார்களா?

ஆனால் என் காரியம் ஆகவேண்டுமே. குரலைத் தணித்துக்கொண்டேன். "இந்தா பாரும்மா சுகாந்தி. எங்க வீட்ல விசேஷம். ஞாயித்துக்கிழமை என்ற அக்கா மவளுக்குத் தெரட்டி. நான்தான் தாய்மாமன். நான் போயே ஆகணும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், ரெண்டே நாள்."

"தெரட்டின்னா..." என்று யோசித்தாள். "அந்த ரோட்டுல பெரிய படமா வெப்பாங்களே, பொண்ணு பட்டு கட்டி, தலையில கிரீடம் வெச்சு? பந்தல் போட்டு, மைக் செட் போட்டு, ஊர்ச் சனமெல்லாம் தட்டுத் தூக்கிட்டுப் போவாங்களே? ஹாஸ்டல் ஜன்னல்ல இருந்து பாத்திருக்கேன். அதாண்ணா?"

"அதேதான்."

"வயசுக்கு வந்தா பண்றது?"

"ஆமாம்மா. எங்க பக்கம் அதுதான் பெரிய விசேஷம். ஊரையே கூப்பிட்டு எல்லாருக்கும் சோறு போடுவோம்."

அவள் திரும்பி அவர்கள் பேச்சில் எல்லாருக்கும் சொன்னாள். ஊஞ்சல் எல்லாம் நின்றுவிட்டன. அப்புறம் சிரித்தார்கள் பாருங்க, முப்பது நாற்பது பெண்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. அந்த அப்பன்காரன் கரண்டியோடு வெளியே வந்து என்ன என்று கேட்டு அவனும் சிரித்தான். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒரு மனுஷன் தன் வீட்டு மங்கள காரியத்தைச் சொல்கிறான், சிரிப்பா? பண்பு இல்லாத சனம்.

சுகாந்தி மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள். ஊஞ்சலை விட்டு இறங்கி வந்தாள். "அப்ப நீங்க கண்டிப்பாப் போகணும்ணா. மாமா இல்லாம அந்தப் புள்ள எப்படி? போங்கண்ணா."

"எப்படிப் போறது? நீங்க வராட்டி?"

"நாங்க திங்கக்கெழம வந்து தெச்சுருவோம். நீங்க வந்து பாருங்க."

"எம்.டி. விட மாட்டாரும்மா."

"நாங்க மட்டும் யாரைக் கேட்டோம்?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், சிரிப்புக்கூட இல்லை. எனக்கு முகத்தில் காறித் துப்பின மாதிரி இருந்தது.

"ஏம்மா, திருப்பூர்ல ஆறு வருசம் இருந்தியே. ஒரு தடவையாச்சும் இந்த ரஜோவுக்கு லீவு கேட்டிருப்பியா? அங்கெல்லாம் ஒழுங்கா இருந்துட்டு, இங்க வந்ததும் எப்படிக் கொம்பு மொளைச்சுது?"

"அங்க கேட்டு என்ன பண்றதுண்ணா? ரெண்டு நாள் ரயிலு. போய்ச் சேர்றதுக்குள்ள ரஜோ முடிஞ்சிரும். பாத்ரூம்ல போயி அழுதுட்டு வந்து தெப்போம்."

ஆறு வருஷம் சார்! ஆறு வருஷம் இதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள், ஒரு வார்த்தை வெளியே விடாமல். என்ன அழுத்தம் பாருங்க. இப்படிப்பட்டவர்களை நம்பி மெஷினைக் கொண்டுபோய் இறக்கினோமே என்று எனக்கு என் மேலேயே அருவருப்பாகப் போய்விட்டது.

வெறும் பஸ்ஸோடு திரும்பி வந்தேன். மணி பதினொன்று. வண்டி ஐந்து மணிக்கு. பெட்டி கட்டி வைத்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு ஒன்றரை மணி நேரம். கட்டிங் மாஸ்டர்கூட, "போய்ட்டு வாங்க, ஆள் இல்லாத கம்பெனிக்கு எதுக்கு இன்சார்ஜ்?" என்று கிண்டலாகச் சொன்னார். நான் போகவில்லை. மூன்று மணி வரை பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றே காலுக்குப் போய் ஒரு மெஷினின் மூடு துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து மெஷினில் உட்காருகிறேன். மற்ற நாலு பேரையும் உட்கார வைத்தேன். டிரைவருக்கு நூல் கோக்கக் கூடத் தெரியாது.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏஞ்சாமி, உனக்காகத்தான ஒரு மாசம் தள்ளி வெச்சேன். சபையில அவ யாரு கையில மால வாங்குவா?" என்றாள்.

"பொன்னுசாமியைக் கூப்பிட்டுக்க அக்கா."

பொன்னுசாமி எங்கள் பெரியப்பா மகன். வரப்புத் தகராறில் பத்து வருஷமாக எங்களோடு முகம் பார்த்துப் பேசாதவன். அவன் வீட்டு வாசலில் போய் நின்று அக்கா கூப்பிட்டிருக்கிறாள். என் சம்சாரம் சேலைத் தட்டைக் கொண்டுபோனாள். புருஷன் வராத பெண்பிள்ளை முன்னால் நடக்க முடியாது என்று பின்வரிசையில் நிறுத்திவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோ காலில் காட்டினார்கள். போனை மெஷின் தலை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் தையலையும் பார்த்தேன். பொன்னுசாமி என் இடத்தில் நின்று மாலை போடுகிறான். துண்டு, பொட்டு, சிரிப்பு, எல்லாம் அவனுக்குப் பொருந்தியே இருந்தது. அந்தப் பிள்ளை போனைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு லீவு குடுக்கலியா?" என்று கேட்டது.

"இங்க எல்லாருக்கும் லீவு கண்ணு. அதனாலதான் மாமாவுக்கு லீவு இல்லை" என்றேன். அதற்குப் புரியவில்லை. சின்னப் பிள்ளைதானே.

மூன்று நாளில் ஐந்து பேரும் சேர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பீஸ் தைத்தோம். அதில் பாதியைச் செக்கிங்கில் கழித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாப் பெண்களும் வந்தார்கள். வேலை கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே, யாரும் அதைப் பார்த்த மாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. தணலில் சுட்ட அரிசிப் பலகாரத்தை ஒவ்வொருத்தியும் இலையில் மடித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். மேஜை நிறைந்துவிட்டது. நான் தொடவில்லை, பெருக்குகிறவனைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். வந்து உட்கார்ந்து செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் ஒன்பதாயிரத்தையும் முடித்துவிட்டார்கள். சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பிற்று. நான் மட்டும் அன்றைக்குப் பொறுப்பில்லாமல் ஊருக்குக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்க.

எம்.டி.க்கு அது தெரியும். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னைப் பற்றிச் சொன்னாராம். அக்காவுக்குத்தான் தெரியவில்லை. அந்த வெள்ளிப் பில்லையைக் கூரியரில் அனுப்பினேன், பிரிக்காமல் திரும்பி வந்தது. போன் எடுப்பதில்லை. மச்சானுக்குப் போட்டால், "அவ பேசமாட்டா மாப்ள, விட்டுருங்க" என்கிறார். படித்தவள், டீச்சர் வேலை பார்க்கிறவள், ஒரு பொறுப்புள்ள மனுஷனின் கஷ்டம் தெரிய வேண்டாமா? எல்லாப் பெண்களும் ஒன்றுதான் சார், ஊர்தான் வேறு.

அதற்கப்புறம் எம்.டி. ஒரு முடிவுக்கு வந்தார். உள்ளூர் ஆளை வைத்தால் எந்த ஊராக இருந்தாலும் வம்புதான். ஷெட்டுக்குப் பின்னாலேயே ஹாஸ்டல் கட்டினோம். ஜார்க்கண்டிலிருந்து சிம்டேகா பக்கத்துப் பிள்ளைகள் எண்பது பேர். வந்து பத்து மாதம் ஆகிறது. தங்கம் சார், தங்கம். தலை நிமிராது. ஒரு நாள் லீவு கேட்டதில்லை. சில சமயம் பாத்ரூமில் கொஞ்சம் அதிக நேரம் ஆக்குகிறார்கள், அது ஒன்றுதான் குறை, அதற்கும் ஒரு ஏற்பாடு பண்ணிவிட்டேன். சுகாந்தி நின்றுகொண்டாள். போனால் போகிறாள். போன வாரம் எம்.டி. என்னைத் திருப்பூருக்கு வரவழைத்து, "இந்தப் புள்ளைக ரொம்ப நல்ல புள்ளைகளா இருக்குது. பேசாம இவங்க ஊர்லயே ஒரு ஷெட் பாத்தா என்னுங்க?" என்றார். இதோ கிளம்பிவிட்டேன். நீங்கள் ரூர்கேலாவில் இருபது வருஷம் இருந்தவர், அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இப்படி ஏதாவது பண்டிகை கிண்டிகை உண்டா?

இருங்க சார், ஒரு நிமிஷம். போன். எம்.டி.தான்.

"சொல்லுங்க சார்... ஆமாங்க சார், ராஜமுந்திரி தாண்டியாச்சுங்க... எத்தனை மாசம் ஆனாலும் இருக்கறனுங்க... வீட்லயா? வீட்ல ஒண்ணும் விசேசம் இல்லீங்க சார்... அக்கா வீட்லயா? இருக்கும்ங்க, கூப்பிடறதில்லீங்க... என்ற சொந்த ஊருங்களா? குன்னத்தூருக்குப் பக்கங்க சார், நம்ம கம்பெனியில இருந்து பதினஞ்சு கிலோமீட்டருங்க... சரிங்க... வெச்சர்றனுங்க."

சந்தோஷமாகப் பேசினார் சார். "உங்களாட்ட லீவு கேக்காத ஆளுக இன்னும் பத்துப் பேர் வேணும். உங்க ஊர்ல கெடைப்பாங்களா நாச்சிமுத்து?" என்று கேட்கிறார்.

கடைசியில் நான் என்ன சொன்னேன், கேட்டீங்கதானே? வண்டிச் சத்தத்தில் விழவில்லையா? "ஊர்ல இருக்கற வரைக்கும் கெடைக்க மாட்டாங்க சார்" என்றேன்.